வீட்டில் ஒரு கணினி மாத்திரம் இணைய மறுக்கும்போது



கம்பியில்லா அலைகளைப் பற்றி வானொலி நேயர்களுக்கு அறிமுகம் வேண்டியதில்லை. கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 16ஆந் திகதி ஒலிபரப்புச் சேவை தொடங்கிய நாள்முதல், கண்ணுக்குப் புலனாகாத அலையைக் காதினால் உணர்ந்து பழகியவர்கள் இந்நாட்டு மக்கள். நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. மத்திய அலையில் செய்தி கேட்டுக்கொண்டிருக்கும்போது குரல் மங்கினால், தந்தையார் பெட்டியைச் சற்றே திருப்பி வைப்பார், குரல் மீண்டுவிடும். பெட்டியினுள்ளே கிடையாகப் பொருத்தப்பட்டிருந்த ஃபெரைட் தண்டே அலையைப் பற்றும் உறுப்பு என்பதையும், அத்தண்டு எத்திசை நோக்கிக் கிடக்கின்றது என்பதைப் பொறுத்து ஒலி கூடிக் குறையும் என்பதையும் பிற்காலத்திலேதான் படித்தறிந்தேன். ஆயினும் தந்தையார் அன்றே எங்களுக்கு ஒரு பாடத்தைக் கற்பித்துவிட்டார். அடுத்த வீட்டுப் பெட்டி தெளிவாகப் பேசிக்கொண்டிருக்க, நம் வீட்டுப் பெட்டி மாத்திரம் மௌனஞ் சாதித்தால், குறை கொழும்பில் இல்லை. நம் விறாந்தையிலேதான் இருக்கின்றது என்பதே அப்பாடம்.

இன்று நம் இல்லங்கள் பலவற்றில் ரௌட்டர் என்னும் சிறு பெட்டி ஒன்று குடியேறியிருக்கின்றது. இணையத்தை வெளியிலிருந்து பெற்று, வீட்டினுள்ளே அலையாகப் பரப்பும் ஒரு குட்டி நிலையம் அது. அந்நிலையத்தின் சேவையை வீட்டிலுள்ள கைத்தொலைபேசிகள் எல்லாம் பெற்றுக்கொண்டிருக்கும்போது, ஒரு கணினி மாத்திரம் விலகி நின்றால் நாம் செய்யவேண்டுவது யாது? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பொருளை நான் தேடிச் செல்லவில்லை. அதுவே என்னைத் தேடி வந்தது. சில காலத்துக்கு முன் எங்கள் பாடசாலையில் உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்திய மாணவன் ஒருவனின் தாயார் என் அலுவலகத்துக்கு வந்தார். பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பத்தை இணையவழியில் நிரப்பி அனுப்புவதற்கு இன்னும் இரண்டே நாள்கள் எஞ்சியிருந்தன. உறவினர் ஒருவர் கொடுத்துதவிய பழைய மேசைக் கணினியில் மகன் அதனை நிரப்ப முற்பட்டபோது பக்கங்கள் திறக்கவில்லை. தாயாரின் கைத்தொலைபேசியிலோ யாவும் திறந்தன. ஆயின் பக்கம் பக்கமாக நீளும் அப்படிவத்தை அச்சிறு திரையில் நிரப்பப் புகுந்து, இருமுறை இடையிலே பிழைத்துப்போயிற்று. பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து நோக்கினார். உள்ளேயிருக்கும் கம்பியில்லா அட்டை கெட்டுவிட்டதென்றும், இத்தனை பழைய இயந்திரத்துக்குச் செலவிடுவதைவிடப் புதியதொன்று வாங்குவதே நன்றென்றும் கூறிச் சென்றார். "சேர், சீட்டுக் காசை எடுத்துப் புதிது ஒன்று வாங்கிக் கொடுக்கட்டோ?" என்று அத்தாயார் என்னைக் கேட்டார். கூலிவேலை செய்து மாதாமாதம் கட்டிய சீட்டு அது.

நான் இயந்திரம் பயின்றவன் அல்லன், வரலாறு படிப்பித்தவன். எனினும் ஒரு சாட்சியை மாத்திரம் கேட்டுத் தீர்ப்பு வழங்குதல் ஆகாது என்பது வரலாறு கற்பவனுக்கு முதற் பாடம். "இன்றைக்கு ஒன்றையும் வாங்கவேண்டாம், அம்மா, மாலையில் நான் வந்து பார்க்கின்றேன்" என்று கூறி அனுப்பினேன். அங்கே கண்டது இன்னதென்பதை இறுதியிற் கூறுவேன். அதற்கு முன், இவ்வகைக் குறையை எவ்வொழுங்கில் ஆராய்தல் வேண்டுமென்பதை நாம் இருவரும் சேர்ந்து நோக்குவோம்.

திருக்குறளிலே 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு ஓர் ஒழுங்கினை வகுத்திருக்கின்றார். பிணி இன்னதெனத் துணிவது முதலாவது. அது எதனால் வந்ததென அறிவது அடுத்தது. மருந்து அதற்குப் பின்னரே. நம்மிற் பலரோ கணினியின் பிணிக்கு முதலில் மருந்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் நோயைத் தேடுகின்றோம்.

முதலிற் சில அடிப்படைச் செய்திகள். ஒலிபரப்புக்குரிய அலைவரிசைகளைப் பயன்படுத்த அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆயின் 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு சில அலைவரிசைகளை, வலிமை குறைந்த கருவிகள் அனுமதிப்பத்திரம் இன்றியே பயன்படுத்தலாமெனத் திறந்துவிட்டது. அவற்றுள் ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதி. 1997ஆம் ஆண்டில் கம்பியில்லாக் கணினி வலைக்குரிய முதல் நியமம் வெளியாயிற்று. அதன் வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மாத்திரமே. 'வைஃபை' என்னும் பெயர் 1999ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. இக்காலத்து ரௌட்டர்கள் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்னும் இரு பகுதிகளிலே பேசுகின்றன.

மத்திய அலையில் 1000 கிலோஹேர்ட்ஸில் ஒலிபரப்பாகும் நிகழ்ச்சியின் அலைநீளம் 300 மீற்றர். வைஃபை அலையின் நீளமோ ஒரு பகுதியிலே ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர். மற்றப் பகுதியிலே ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர். வானொலி அலை மலையையும் வளைந்து கடந்து வரும். இச்சிற்றலையோ கல்லால் எழுப்பிய தடித்த சுவரிலும், இரும்பு அலுமாரியிலும், நீர்த் தொட்டியிலும் பட்டுத் தளர்ந்துவிடும். இரண்டனுள்ளும் 5 கிகாஹேர்ட்ஸ் அலையே விரைவுடையது. அதுவே சுவரிடத்து விரைவில் தோற்பதும்.

இனிச் சோதனைக்கு வருவோம். முதலிலே துணியவேண்டியது, குறை முழு வீட்டுக்கும் உரியதா, ஒரு கணினிக்கு மாத்திரம் உரியதா என்பது. "கைத்தொலைபேசியில் இணையம் வருகின்றதே" என்று இதற்கு உடனே விடை கூறிவிடலாகாது. கைத்தொலைபேசிக்கு இரண்டு வாயில்கள் உண்டு. வைஃபை ஒரு வாயில். சிம் அட்டையின் வழியே வரும் டேட்டா மற்றொரு வாயில். வைஃபையிற் பயன் இல்லையெனக் கண்டால் பல தொலைபேசிகள் ஓசையின்றி இரண்டாம் வாயிலுக்கு மாறிவிடும். பார்ப்பவரோ ரௌட்டர் நன்றாக வேலை செய்கின்றதென மயங்குவார். ஆகையால் தொலைபேசியில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வைஃபையில் மாத்திரம் ஒரு புதிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையெனில் குறை ரௌட்டரிலோ, வெளியிலிருந்து வரும் இணைப்பிலோ, தீர்ந்துபோன டேட்டா அளவிலோ இருத்தல் கூடும். கணினியைக் குற்றஞ் சாட்டுதல் தகாது. திறந்ததெனில் ரௌட்டரும் அதற்கு அப்பாலுள்ள உலகமும் தம் கடமையைச் செய்கின்றன என்று பொருள். பெரும்பாலும் குறை அக்கணினியிலோ, கணினிக்கும் ரௌட்டருக்கும் இடைப்பட்ட வழியிலோ இருக்கும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ரௌட்டரின் பின்புறத்தில் ஊசி நுழையுமளவு சிறு துவாரம் ஒன்று இருக்கும். அவசரத்தில் சிலர் அதனுள் ஊசியைச் செலுத்தி அழுத்திவிடுகின்றனர். அது ரௌட்டரை ஓய்வுகொடுத்து எழுப்பும் பொத்தான் அன்று. அதிற் பதிந்துள்ள கடவுச்சொல் முதலிய அமைப்புகள் யாவற்றையும் அழித்துத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் தள்ளும் பொத்தான். ஒரு கணினிக்கு மாத்திரம் இருந்த இடரை அது வீடு முழுவதற்கும் ஆக்கிவிடக்கூடும். ரௌட்டருக்கு ஓய்வு கொடுக்க விரும்பினால் மின்னை நிறுத்தி, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் கொடுங்கள், அதுவே போதும்.

கணினிக்கும் அவ்வாறே புதுத் தொடக்கம் ஒன்று கொடுத்துப் பார்த்தல் முறையாகும். விண்டோஸ் இயங்கும் கணினிகளிலே ஒரு நுட்பம் உண்டு. விரைவில் விழித்தெழவேண்டும் என்பதற்காக, பல கணினிகள் அணைக்கப்படும்போது தம் பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து, மறுமுறை அதனையே எடுத்துக்கொள்ளும். ஆகவே அணைத்துப் போடுவதனால் நீங்காத குறை, 'ரீஸ்டார்ட்' என்னும் கட்டளையால் நீங்குதல் உண்டு.

அதன் பின்னரும் குறை நீங்கவில்லையெனில், கணினி எப்படியிலே தடுக்கி நிற்கின்றதென்பதைப் பார்க்க வேண்டும். கணினி இணையத்தை அடைவது ஒரே பாய்ச்சலில் அன்று, படிப்படியாகவே. ரௌட்டரின் அலையை உணர்தல் முதற்படி. கடவுச்சொல்லைக் கூறி உள்நுழைதல் இரண்டாம் படி. ரௌட்டரிடமிருந்து தனக்கென ஓர் இலக்கமுகவரி பெறுதல் மூன்றாம் படி. நாடிச் செல்லும் தளத்தின் பெயரை இலக்கமாக மாற்றி அறிதல் நான்காம் படி. அத்தளத்தின் அடையாளச் சான்றினைச் சரிபார்த்து உரையாடத் தொடங்குதல் ஐந்தாம் படி. எந்தப் படியில் நின்றாலும் நாம் கூறுவது "இணையம் வேலை செய்யவில்லை" என்னும் ஒரே வாக்கியத்தைத்தான். ஆனால் ஒவ்வொரு படிக்கும் மருந்து வேறு.

முதற்படியை நோக்குவோம். கணினித் திரையில் வைஃபை வலைகளின் பட்டியலைத் திறந்தால் ஒரு பெயருமே தோன்றவில்லையா? அயல்வீட்டு வலைகளின் பெயர்களும் காணப்படவில்லையா? அங்ஙனமாயின் கணினியின் காதே அடைபட்டிருக்கின்றது. விமானத்தின் உருவம் பொறித்த விசை தவறுதலாக அழுத்தப்பட்டிருத்தல் கூடும். சில பழைய மடிக்கணினிகளின் விளிம்பில் வைஃபைக்கென ஒரு சிறு ஆளி இருக்கும். பையில் வைக்கும்போது அது நகர்ந்திருத்தல் கூடும். இவையிரண்டும் சரியெனில், கம்பியில்லா அட்டையை இயக்கும் 'டிரைவர்' என்னும் மென்பொருள் பழுதுற்றிருக்கலாம். அதனை மீண்டும் நிறுவுதல் வேண்டும். அட்டை கெட்டுப்போதலும் உண்டு. ஆனால் அது கடைசியாக எண்ணவேண்டிய காரணம்.

அயல்வீட்டுப் பெயர்கள் தோன்ற, நம் வீட்டுப் பெயர் மாத்திரம் தோன்றவில்லையெனில் காரணம் வேறு. பழைய கணினிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை மாத்திரமே கேட்கும். ரௌட்டர் 5 கிகாஹேர்ட்ஸில் மாத்திரம் பேசுமாறு அமைக்கப்பட்டிருந்தால், அக்கணினிக்கு அது ஊமைப் பெட்டியே. இன்னுமொரு காரணம் நம்மவர் பலருக்குப் பொருந்தும். 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதி இலக்கமிட்ட பல தடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றது. உலகின் பெரும்பாலான நாடுகளில் 1 முதல் 13 வரையான தடங்கள் வழக்கிலுள்ளன. வட அமெரிக்காவிலோ பொதுவாக 1 முதல் 11 வரையே பயன்படுகின்றன. கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர் அன்போடு கொண்டுவந்த மடிக்கணினி 12ஆம், 13ஆம் தடங்களைச் செவிமடுக்காது இருத்தல் கூடும். ரௌட்டரின் அமைப்பிலே தடத்தை 1, 6, 11 என்பவற்றுள் ஒன்றாக மாற்றிவிட்டால் அக்குறை நீங்கும்.

இரண்டாம் படி கடவுச்சொல். பெயர் தோன்றுகின்றது, உள்நுழைய முயன்றால் மறுக்கின்றது. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கடவுச்சொல்லில் வெவ்வேறானவை என்பது நினைவில் இருத்தல் வேண்டும். தமிழில் எழுதிப் பழகிய வீட்டில், விசைப்பலகை தமிழுக்கு மாறி நின்றிருத்தலும் உண்டு. திரையில் புள்ளிகள் மாத்திரம் தெரிவதால் அப்பிழை கண்ணிற் படாது. கட்டத்தின் அருகே கண்ணின் உருவம் ஒன்று இருக்கும். அதனை அழுத்தினால் எழுத்துகள் வெளிப்படும். ரௌட்டரின் கடவுச்சொல் அண்மையில் மாற்றப்பட்டிருந்தால் கணினி பழைய சொல்லையே திரும்பத் திரும்பக் கூறிக்கொண்டிருக்கும். அவ்வலையின் பெயரைத் தேர்ந்து, 'மறந்துவிடு' என்னும் பொருள்படும் கட்டளையைக் கொடுத்து, புதிய சொல்லோடு மீண்டும் இணைத்தல் வேண்டும். 2018ஆம் ஆண்டில் அறிமுகமான டபிள்யூ.பீ.ஏ. 3 என்னும் புதிய பாதுகாப்பு முறையைப் பழைய கணினிகள் சில அறியமாட்டா. ரௌட்டர் அதனை மாத்திரமே ஏற்பதாக அமைந்திருந்தால், சொல் சரியாயினும் கதவு திறவாது. பழைய முறையையும் ஏற்குமாறு ரௌட்டரை அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். பிள்ளைகளின் நன்மை கருதிப் பெற்றோர் ஒரு கணினியை ரௌட்டரின் தடைப்பட்டியலில் இட்டுவிட்டுப் பின் மறந்துபோவதும் உண்டு.

மூன்றாம் படி இலக்கமுகவரி. கணினி இணைந்துவிட்டதாகக் காட்டுகின்றது. ஆனால் இணையம் இல்லையென்று அறிவிக்கின்றது. வலையின் விவரங்களைக் காட்டும் பக்கத்திலே கணினியின் முகவரி புள்ளியிட்ட நான்கு எண்களாக எழுதப்பட்டிருக்கும். வீட்டு வலைகளிலே அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அவ்விடத்தில் 169.254 என்று தொடங்கும் எண்ணைக் கண்டால், ரௌட்டர் முகவரி ஒன்றும் கொடுக்கவில்லை, கணினி தானே ஒரு தற்காலிக எண்ணைச் சூடிக்கொண்டது என்று அறிந்துகொள்ளலாம். முன்னர் எவராவது அக்கணினிக்கு நிலையான முகவரி ஒன்றைக் கையால் எழுதிவைத்திருந்தால், ரௌட்டர் மாறியபின் அது பொருந்தாமற் போகும். வேறு வீட்டின் இலக்கத்தை வாயிலிலே தொங்கவிட்டவர் கடிதத்துக்குக் காத்திருப்பது போலாகும். முகவரி தானாகவே பெறப்படுமாறு அமைப்பை மாற்றிவிடுதல் வேண்டும்.

நான்காம் படி பெயரை இலக்கமாக மாற்றுதல். தளங்களை நாம் பெயரால் அழைக்கின்றோம். இயந்திரங்களோ எண்ணால் அழைக்கின்றன. பெயருக்குரிய எண்ணைக் கூறும் முறையை 1983ஆம் ஆண்டில் போல் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் வகுத்தார். இம்முறையிற் பிழை நேரின், எண்ணால் அழைத்தால் விடை வரும். பெயரால் அழைத்தால் வாராது. கணினியிலே பெயர் கேட்கும் இடம் கையால் மாற்றப்பட்டிருந்தால் அதனையும் தானியங்கு நிலைக்குக் கொணர்தல் வேண்டும். வீ.பீ.என். எனப்படும் மறைவழி மென்பொருளும், காலாவதியான வைரசுத் தடுப்பு மென்பொருளும் இப்படியிலும் அடுத்த படியிலும் குறுக்கே நிற்றல் உண்டு. அவற்றைச் சிறிது நேரம் நிறுத்திப் பார்த்து, சோதனை முடிந்தவுடன் மீண்டும் இயக்கிவிடுங்கள்.

ஐந்தாம் படியை அம்மாணவன் வீட்டுக்குச் சென்று காண்போம். அதற்கு முன், இணைப்பு அறவே இல்லாமற் போகாது, விட்டுவிட்டு வரும் குறையைப் பற்றி ஒரு வார்த்தை. கணினியை ரௌட்டர் இருக்கும் அறைக்கே கொண்டுசென்று பாருங்கள். அங்கே நன்றாக வேலை செய்தால் குறை சுவருக்கும் தூரத்துக்கும் உரியது. மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியிலேதான் வேலை செய்கின்றது. சமையல் நேரத்தில் மாத்திரம் இணைப்பு அறுந்தால் அதனை ஐயுறலாம். விரைவான யூ.எஸ்.பி. 3 வகைக் கருவிகளும் வடங்களும் அப்பகுதியிலே இரைச்சல் எழுப்புகின்றன என்பதை இன்டெல் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் ஓர் அறிக்கையில் விளக்கியது. கணினியிற் செருகிய சிறு வைஃபை ஏற்பியின் அருகிலே அத்தகைய சேமிப்புத் தட்டு ஒன்றும் செருகப்பட்டிருந்தால், ஏற்பியை ஒரு நீட்டு வடத்தின் முனையிலே பொருத்திச் சற்றே விலக்கி வையுங்கள். தந்தையார் வானொலிப் பெட்டியைத் திருப்பிவைத்த செயலுக்கு இது நிகராகும்.

இத்தனை படிகளையும் மனத்திலிருத்த இயலாதவர்கள் இரண்டு சோதனைகளையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ரௌட்டரையும் கணினியையும் வலை வடத்தால் நேரே இணைத்தல். வடத்தின் வழியே இணையம் வந்தால் குறை கம்பியில்லாப் பகுதியில் உள்ளது. வடத்தின் வழியேயும் வாராவிட்டால் கம்பியில்லா அட்டையின்மேற் பழி சுமத்துவதற்கில்லை. மற்றொன்று, கைத்தொலைபேசியின் டேட்டாவை 'ஹொட்ஸ்பொட்' முறையில் பகிர்ந்து, அக்கணினியை அவ்வலையில் இணைத்தல். அங்கே வேலை செய்தால் கணினி நலமாயுள்ளது. அதற்கும் வீட்டு ரௌட்டருக்கும் இடையிலேதான் பிணக்கு. அங்கேயும் வேலை செய்யாவிட்டால் பிணி கணினிக்குள்ளேயே இருக்கின்றது.

இனி அவ்வீட்டுக்குச் செல்வோம். மாலை ஆறு மணியிருக்கும். மாணவன் முதல்நாளிரவு உறங்கியிருக்கவில்லை என்பதை அவன் கண்களே கூறின. கணினியிலே வைஃபைச் சின்னம் முழு வலிமையோடு காணப்பட்டது. "தம்பி, தொலைபேசியிலிருந்து இணைத்துப் பார்த்தாயா?" என்றேன். "பார்த்தேன் சேர், அதிலும் இணைகின்றது, ஆனால் பக்கம் வருகுதில்லை" என்றான். இவ்வொரு விடையிலே பாதி வழக்குத் தீர்ந்துவிட்டது. இரண்டு வலைகளில் இணையக்கூடிய அட்டை கெட்ட அட்டை ஆகாது. அலையை உணர்கின்றது, கடவுச்சொல் ஏற்கப்படுகின்றது. முகவரியைப் பார்த்தோம், 192.168 என்றே தொடங்கிற்று. மூன்று படிகளைக் கடந்துவிட்டோம்.

"பக்கம் திறவாதபோது திரையிலே என்ன எழுதப்பட்டிருக்கின்றது?" என்று கேட்டேன். மாணவன் தயங்கினான். "ஏதோ ஆங்கிலத்தில் வருகுது, சேர். நான் மூடிவிடுவேன்" என்றான். மூடாமல் வைக்கச் சொன்னேன். இருவரும் சேர்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தோம். உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கின்றது என்பதே அவ்வறிவிப்பின் பொருள். திரையின் வலக்கீழ் மூலையை நோக்கினோம். அங்கே 2009ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதி என்று இருந்தது.

நடந்தது இதுதான். கணினியினுள்ளே ஒரு நாணயத்தின் அளவிலே சிறு மின்கலம் ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் கணினியின் கடிகாரம் ஓடுவது அதனாலேதான். நெடுநாள் உழைத்த அக்கலம் வலுவிழந்துவிட்டது. இரண்டு நாள்களுக்கு முன் அவ்வூரில் மின்தடை நேர்ந்தபோது, கடிகாரம் தான் பிறந்த காலத்துக்கே திரும்பிச் சென்றுவிட்டது. பாதுகாப்புடைய இணையத்தளங்கள் ஒவ்வொன்றும் ஓர் அடையாளச் சான்றினை நீட்டும். அச்சான்று இன்ன நாள்முதல் இன்ன நாள்வரை செல்லுபடியாகும் என்று அதிலே பொறிக்கப்பட்டிருக்கும். 2009ஆம் ஆண்டில் வாழ்வதாக நம்பிக்கொண்டிருந்த கணினிக்கு அச்சான்று இன்னும் பிறவாத ஒரு நாளில் வழங்கப்பட்டதாகத் தோன்றிற்று. நாளைய திகதியிட்ட அடையாள அட்டையைக் காட்டுபவனைக் காவலாளி உள்ளே விடுவானா? கணினி கெட்டுப்போகவில்லை, நேயர்களே. அது தன் காவற்கடமையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தது. தன் தடைக்குக் காரணம் இன்னதென்பதையும் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது. படிப்பார்தாம் இல்லை.

திகதியையும் நேரத்தையும் திருத்தினோம். பக்கம் திறந்தது. அன்றிரவே விண்ணப்பம் நிரப்பி அனுப்பப்பட்டது. மறுநாள் சீ.ஆர். 2032 என்னும் மின்கலம் ஒன்றை வாங்கி மாற்றினார்கள். 20 மில்லிமீற்றர் விட்டமும் 3.2 மில்லிமீற்றர் தடிப்பும் உடையது என்பதே அவ்வெண்ணின் பொருள். புதிய கணினியின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பத்திலும் அற்பம். சீட்டுக் காசு சீட்டிலேயே இருந்தது. மாணவன் பல்கலைக்கழகஞ் சென்றபோது உடுப்புக்கும் புத்தகத்துக்கும் அது உதவியது என்று தாயார் பின்னொருநாள் கூறினார்.

அன்று மாலை வீடு திரும்பும்போது என் மனத்தை வருத்தியது அம்மின்கலம் அன்று. "நான் மூடிவிடுவேன்" என்ற மாணவனின் சொல்லே. பதின்மூன்று ஆண்டுகள் எம்மிடம் பயின்ற பிள்ளை அவன். பரீட்சைத் தாளிலே ஆங்கில வாக்கியத்துக்கு விடையெழுதக் கற்பித்தோம். தன் வீட்டுத் திரையிலே தோன்றும் ஆங்கில வாக்கியத்தை அஞ்சாது படிக்கக் கற்பித்தோமில்லை. விளங்காத சொல்லைக் கண்டால் மூடிவிடுதல் என்பது அவன் குற்றம் அன்று. அதிபர் என்ற முறையில் அதில் எனக்கும் பங்குண்டு. அதன் பின்னர் எங்கள் பாடசாலையின் கணினி அறையிலே ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றோம். எந்தக் கணினியில் எந்த அறிவிப்புத் தோன்றினாலும் மாணாக்கர் அதனை எழுத்துக்கு எழுத்து அதிலே படியெடுத்து, அகராதியின் துணையோடு பொருளை எழுதுதல் வேண்டும். பின்னர் என்ன மாற்றம் செய்தார்கள், அதனால் என்ன விளைந்தது என்பதையும் எழுதுதல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்யப்படல் வேண்டும். ஐந்தை ஒருங்கே மாற்றினால் குறை நீங்கினாலும், நீக்கியது எதுவென்று அறியமாட்டோம்.

உங்கள் வீட்டிலும் இவ்வாறே ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். வைஃபையின் பெயர், முன்னர் நேர்ந்த குறை, அதனைத் தீர்த்த வழி ஆகியவற்றை அதில் எழுதி வையுங்கள். கடவுச்சொல்லை மாத்திரம் அந்நியர் கண்ணிற் படாத இடத்தில் எழுதி வையுங்கள். பழுது பார்ப்பவரை அழைக்கவேண்டிய நாள் வந்தால், "இணையம் வேலை செய்யவில்லை" என்று கூறாதீர்கள். "தொலைபேசியில் வைஃபை வருகின்றது; கணினி வடத்தால் இணைத்தால் வேலை செய்கின்றது; வைஃபையால் இணைத்தால் இந்த அறிவிப்பு வருகின்றது" என்று கூறுங்கள். நல்ல தொழிலாளருக்கு அது பேருதவியாகும். அவசரக்காரருக்கு அது கடிவாளமாகும்.

அடுத்த வீட்டுப் பெட்டி பேசுகின்றதா என்று காதுகொடுத்துக் கேட்ட பின்னரே தந்தையார் நம் வீட்டுப் பெட்டியைத் தொடுவார். அலைகள் மாறிவிட்டன, பெட்டிகளும் மாறிவிட்டன. அந்த ஒழுங்கு மாறவில்லை. முதலிற் கேளுங்கள், பிறகு படியுங்கள், அதற்குப் பின்னர் தொடுங்கள். பணத்தை எடுப்பது அனைத்துக்கும் பின்னராக இருக்கட்டும்.